பற்றுச்சீட்டு இல்லாத கீரை

பெரிய வியாழன் காலை றொனால்ட் வெந்தயக்கீரை கட்டிக்கொண்டிருந்தார். பச்சை ரப்பர் வளையங்கள் இடது மணிக்கட்டில் வரிசையாக ஏறியிருந்தன. ஒன்றை உருவித் தண்டில் இரண்டு முறுக்கு முறுக்கிப் பெட்டிக்குள் எறிவார், கண் அங்கே இராது. பியட்றிஸ் எதிரில் நின்று பழுத்த இலை கிள்ளினாள். பிரெஞ்சுத் தலைநகரின் புறநகரான பொபினியில் இருந்த வீட்டிலிருந்து வான் வண்டியில் ஒரு மணித்தியாலத் தூரம், குத்தகைக்கு எடுத்த பொலித்தீன் கூடாரம். ஒன்பது வருடமாகப் புருசனும் பெண்சாதியும் இப்படித்தான் நின்றார்கள்.

"நாளைக்கு எல்லாரும் விரதம். பன்ரெண்டாம் மாடியிலையிருந்தெல்லாம் கீரை கேக்குதுகள்."

"லிப்டுக்குள்ளை ஆக்களோடை நெருக்குப்பட்டு ஏறாதேங்கோ."

"படியாலை போறன். இந்த வயித்து வண்டியும் குறையும்."

வீடு வீடாக ஏறவேண்டி வந்தது ஒரு தொகையால். கொரோனா ஊரடங்கோடு, தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் சாப்பாட்டுக் கடைகள் பூட்டின. கீரையில் முக்கால்வாசி அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. அங்கே ரூ காய் தெருவிலிருந்த ஒரு பலசரக்குக் கடை மட்டும் வழக்கம்போல வாங்கியது. வருமானம் பாதிக்குமேல் விழுந்த கமக்காரருக்கு அரசாங்கம் உதவிக்காசு கொடுக்கிறதென்று கேள்விப்பட்டு, மகள் ஜெனிற்றா கணினியில் விண்ணப்பத்தைத் திறந்தாள். போன வருட மார்ச் வருமானமும் இந்த மார்ச் வருமானமும் கேட்டது. இரண்டுக்கும் ஒரே தொகைதான் இருந்தது, அறுநூற்று நாற்பது யூரோ. பலசரக்குக் கடை மாதாமாதம் பற்றுச்சீட்டோடு கொடுப்பது அவ்வளவுதான். சாப்பாட்டுக் கடைகள் பின்கதவால் கைக்காசு கொடுத்தன.

வரிக்கணக்கில் பற்றுச்சீட்டு உள்ளதை மட்டும் எழுதினால் காணும் என்று முதல் வருடமே சொன்னவள் பியட்றிஸ். கணக்குக் கொப்பி முழுக்க அவள் கையெழுத்து. "எல்லாத்தையும் எழுதுவமே" என்று றொனால்ட் அன்றைக்கு இழுத்தார். "நீங்கள் பெரிய கொம்பனியோ?" என்று அவள் சிரித்தாள்.

"அப்பா, உங்களுக்கு ஒண்டும் குறையேல்லையாம்" என்றாள் ஜெனிற்றா.

றொனால்ட் பியட்றிஸைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதை அவள் கவனித்தாள். "அப்ப நாங்கள் பணக்காரர்" என்றுவிட்டு அவர், வீடு வீடாக விற்கப் போக, வானின் திறப்பைத் தேடினார்.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்த இரண்டாம் நாள் றொனால்டுக்குக் காய்ச்சல் வந்தது. பன்னிரண்டாம் நாள், அவர் போய்விட்டாரென்று ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்தது. இடையில் ஒருநாள்கூட உள்ளே போய்ப் பார்க்க விடவில்லை. ஒரு பையில் கைக்கடிகாரத்தையும் செபமாலையையும் போட்டுக் கொடுத்தார்கள். கூடாரத்தில் கீரை முற்றிப் பூத்துவிட்டதென்று யாரோ சொன்னார்கள்.

மே மாதம் ஒரு பின்னேரம் ஜெனிற்றா மறுபடியும் கணினியைத் திறந்தாள். பிரெஞ்சில் தனக்குள் ஏதோ முணுமுணுத்தாள். பிறகு தமிழில் சொன்னாள்.

"அம்மா, ஏப்ரலுக்கு உதவிக்காசு கிடைக்கும்போலை. அப்பா படுத்தபிறகு கடைக்கு ஒண்டும் போகேல்லைத்தானே. பாதிக்குமேலை குறைஞ்சிட்டுது."

பியட்றிஸ் குசினிக் கதவடியில் நின்றாள். இரவில் அவர் கழற்றி மாட்டும் ரப்பர் வளையங்கள் கைப்பிடியில் கிடந்தன.

"சாப்பாட்டுக் கடையளின்ரையையும் எழுது."

"போன வருசத்தை இப்ப மாத்தேலாதம்மா. நீங்கள் எழுதிக் குடுத்தது அவையிட்டை இருக்கு." சுட்டியை அனுப்பும் பொத்தானுக்கு நகர்த்தினாள். "குத்தகை கட்டோணும். அமத்தட்டே?"

பியட்றிஸ் ஒரு வளையத்தை உருவி விரலில் இரண்டு முறுக்கு முறுக்கினாள். விரல் நுனி வெளுத்தது. மகளின் தோளுக்கு மேலால் திரையைப் பார்த்தாள். போன ஏப்ரலுக்கு நேரே, யாரும் தட்டாமலே, அந்தத் தொகை வந்து நின்றது. அறுநூற்று நாற்பது.