நடுநிலை வாசகர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மனைவி, என் தம்பி, தம்பியின் மனைவி, அவளுடைய தம்பி. அந்தக் கடைசி ஆளுக்கு எங்கள் வீட்டில் ‘பெரிய கம்பெனி’ என்று பெயர். தான் வேலை பார்க்கும் இடத்தைப் பற்றிப் பேசாமல் அவனால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாது.

தம்பி, லிப்ட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் புரோகிராம் எழுதுகிறவன். எந்த மாடியில் நிற்க வேண்டும், கதவு எத்தனை நொடி திறந்திருக்க வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்வது அவன் வேலை. அதற்குக் கிளம்புமுன், தினமும் ஐந்து மணியிலிருந்து ஏழு மணிவரை, பதினோரு வருடம் மாடி அறையில் உட்கார்ந்து தனி ஆளாக ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதினான். கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதலில் எழுந்து மற்ற எல்லாவற்றையும் எழுப்பி வேலை வாங்குகிற மென்பொருள் அது. ஆயிரக்கணக்கான ஆட்களை வைத்துப் பெரிய நிறுவனங்கள் செய்கிற காரியம். தம்பி அதற்குச் ‘சின்னது’ என்று பெயர் வைத்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று, விஷயம் தெரிந்தவர்கள் கூடும் ஓர் இணைய மன்றத்தில் அன்றுதான் அதை வெளியிட்டான்.

“இதுல வீடியோ ஓடுமா அத்தான்?” என்று பெரிய கம்பெனி கேட்டான்.

“ஓடாது.”

“பிரிண்ட் எடுக்கலாமா?”

“இன்னும் இல்ல.”

“அப்போ இத வெச்சு என்னதான் பண்றது?”

“இணையத்துல படிக்கலாம், எழுதலாம். உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு முழுசாப் புரிஞ்சுக்கலாம்.”

“புரிஞ்சுக்கிட்டு?”

“பதினோரு வருஷமா நானும் அதத்தான் கேக்கறேன்” என்றாள் தம்பியின் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள், தம்பியும் சேர்ந்து. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மைத்துனனுக்குக் கேலி பேச உரிமை உண்டு. என் முன்னால் அல்ல.

மதியத்துக்குள் மன்றத்தில் கருத்துகள் வரத் தொடங்கின. முதல் கருத்து ஒரே சொல்: “எதற்கு?” அடுத்தவர், பொழுது போகாவிட்டால் தோட்டம் போடலாமே என்று யோசனை சொல்லியிருந்தார். இன்னொருவர் பெயர்ப் பொருத்தத்தைப் பாராட்டியிருந்தார். நான் உட்கார முடியாமல் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் ஒரு பேராசிரியர் எழுதினார். அந்த மன்றத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாதாம். நினைவகத்தைப் பங்கிடும் பகுதியைப் படித்ததாகவும், சுத்தமாக இருப்பதாகவும், இந்த வாரமே தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து விரிவாக எழுதுவதாகவும் சொல்லியிருந்தார். தம்பி அதை நான்கு முறை படித்தான்.

“இவர் ஒருத்தர் முழுசாப் பாத்தாப் போதும்ணா” என்றான். அவன் எதையும் வேண்டுமென்று வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

திங்கள் போயிற்று. செவ்வாய் மதியம்வரை பேராசிரியரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கேலி மட்டும் நாற்பதைத் தாண்டியது. தம்பி வேலைக்குப் போயிருந்தான். நான் முப்பத்தெட்டு வருடம் நீர் வழங்கல் அலுவலகத்தில் கடிதம் எழுதி எழுதியே மேற்பார்வையாளர் ஆனவன். எத்தனையோ பேரை ஒரு பத்தியில் வாயடைக்க வைத்திருக்கிறேன். வீட்டு ஆள் என்று தெரிந்தால் மதிப்பிருக்காது என்று ‘நடுநிலை வாசகர்’ என்ற பெயரில் பதிவு செய்துகொண்டேன். மேற்படி சிஸ்டம் ஒருநாளும் நின்றதில்லை, மேற்படி ஆசிரியரைக் கேலி செய்பவர்கள் அதில் ஒரு வரியாவது எழுத முடியுமா என்று கேட்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லை, பெயரைத் தவிர. மனைவியின் போன் பக்கத்திலேயே கிடந்தது. தம்பியின் உழைப்புக்காகப் பேசும்போது வேறொருவன் செய்த சிஸ்டத்தைத் தொடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவன் என் பழைய கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்திருந்த சின்னதிலிருந்தே அனுப்பினேன்.

எந்தச் சிஸ்டத்திலிருந்து வந்தது என்று ஒவ்வொரு கருத்துக்கும் அடியில் அந்த மன்றம் பொடி எழுத்தில் போடும். எனக்கு அது தெரியாது.

பத்து நிமிடத்தில் ஒருவன் எழுதினான்: “உலகத்திலேயே சின்னதை வைத்திருப்பவர் ஒருவர்தான். அவர் எவ்வளவு நடுநிலை பாருங்கள்.” இரண்டு கணக்கும் ஒரே வீட்டு இணைப்பு என்று மன்றத்தை நடத்துபவர் உறுதி செய்தார். பிறகு பேராசிரியர் வந்தார். “தன்னைத் தானே புகழ்ந்துகொண்டாரா? அவர் விளக்கம் சொல்லட்டும். பிறகு பார்க்கிறேன்.”

தம்பி திரும்பும்வரை வாசலிலேயே நின்றேன். அவன் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

“சாப்பிட்டீங்களா அண்ணா?”

“அது வந்து, நான்தான்...”

“தெரியும். ரெண்டு எடத்துல ‘மேற்படி’ வருது. நம்ம வீட்டுல வேற யாரு?”

“நானே எழுதிடறேன், நான்தான்னு.”

“வேண்டாம். ஆபீஸ்லேந்தே பதில் போட்டுட்டேன்.”

“என்னன்னு?”

“நான்தான் எழுதினேன், தப்புதான்னு.”

“ஏன்டா?”

“உங்க பேரு வந்தா உங்களப் பத்தி ஆரம்பிப்பானுங்க. அத என்னால படிக்க முடியாதுண்ணா.”

அந்த நிமிடமே உள்ளே போய் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அவன் சொன்னதைக் கேட்டதும் எனக்கு மூச்சு லேசானது. அதை யாரிடமும் சொல்லவில்லை. புதன்கிழமை ஐந்து மணிக்கு விழித்துக்கொண்டு மாடியில் நாற்காலி நகரும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கேட்கவில்லை. வியாழனும் கேட்கவில்லை. பேராசிரியர் மறுபடி எழுதவில்லை.

அடுத்த ஞாயிறு பெரிய கம்பெனி வந்தான். “சிஸ்டமும் அத்தானே, ரசிகர் மன்றமும் அத்தானே” என்றான். தம்பி வழக்கம்போலச் சிரித்தான். அவன் மனைவி சிரிக்கவில்லை.

“மாமா, நீங்க ஒண்ணும் சொல்லலையா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். என் மனைவி கையிலிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து அறைக்குப் போனேன். இந்த முறை பதிவுக் கட்டத்தில் என் சொந்தப் பெயரை, தலைப்பெழுத்தோடு, ஓய்வுபெற்ற பதவியோடு கொடுத்தேன். கதவை யாரோ தட்டினார்கள். “அண்ணா, வேண்டாம்” என்று குரல் கேட்டது. திறக்கவில்லை. மேலே உள்ளதையெல்லாம் இந்த மன்றத்துக்காகவே எழுதி முடித்துவிட்டேன். இதுவும் சின்னதிலிருந்துதான் வருகிறது, அடியில் பார்த்துக்கொள்ளலாம்.

இதைச் செய்தவர் தன்னைத் தானே புகழ்ந்து எழுதிக்கொண்டதாக இங்கே சொல்லப்படுகிறது. அவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார். அது உண்மையல்ல. எழுதியது அவருடைய அண்ணன்.