முதலில் பதிந்தவள்

அறுப்பு மெஷின் வரிசையில் தன் பெயர் மூன்றாவதாக இறங்கியிருப்பதைக் காலையில் போனில் பார்த்தாள் ஜெயா. தை பிறந்ததும் முதல் ஆளாகப் பதிந்தவள் அவள்தான். இப்போது மேலே அரங்கநாதன், அடுத்து அரிகரன். மெஷினுக்குப் பதியும் வெப்சைட்டைச் செய்த அருள்முருகனின் அப்பாதான் அரிகரன். பையன் அப்பாவை மேலே ஏற்றிவிட்டு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறான் என்று பாகூர் ஏரிக்கரை வரை பேச்சு போய்விட்டது.

அருள்முருகன் டவுனில் வெப் டெவலப்மென்ட் படிக்கத் தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. வேண்டியதை ஏஐயிடம் சொன்னான். காபி ஆறுவதற்குள் அது எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டது. மெஷின்காரர் ராஜ்மோகன் அந்த வரிசைப்படிதான் வண்டியை அனுப்பினார். நானே எழுதினேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டதில் அவனுக்கு அப்படியொரு சந்தோஷம்.

பக்கத்து வீட்டு ஜெயா நேரிலேயே வந்து கேட்டாள்.

"நீதான செஞ்ச? உங்கப்பன் பேரு மட்டும் எப்பிடிடா மேல ஏறுச்சி?"

"தெரில சித்தி."

"செஞ்சவனுக்கே தெரிலன்னா வேற யாருக்குடா தெரியும்?"

அவளுடைய நெல் முற்றிச் சாய்கிற பதத்தில் இருந்தது. வானமும் மூடிக்கொண்டு வந்தது. அவன் ஏஐயிடமே முறையிட்டான். அது மன்னிப்புக் கேட்டுக்கொண்டு புதிதாக ஒன்றை எழுதித் தந்தது. அதில் பதிந்தவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. பயந்துபோய்ப் பழையதையே திரும்ப வைத்து, முதல்முறையாக அதை வரி வரியாகப் படித்தான். பாதி விளங்கவில்லை. விளங்காததை அந்த ஏஐயிடமே கேட்டுக் கேட்டுப் படித்ததில், மாலையில் அந்த வரி அகப்பட்டது. பெயர்களை அகர வரிசையில் அடுக்கும் வரி. எப்படி அடுக்க வேண்டும் என்று இவன் சொல்லவில்லை, அதுவும் கேட்கவில்லை. பதிந்த நேரப்படி என்று தன் கையால் மாற்றி எழுதினான். சரியாக வந்தது. அவனுக்கு அழுகையாக வந்தது. அப்பாவின் வயல் அதற்குள் அறுத்து முடிந்து, வெளியே தூறலும் தொடங்கியிருந்தது.

மறுநாள் மழை விட்டதும் ஜெயாவின் வயலுக்குப் போனான். நெல் தண்ணீரில் படுத்துக் கிடந்தது. அவள் குனிந்து கதிர்களை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

"அத நான் எழுதல சித்தி. கம்ப்யூட்டர் எழுதிக் குடுத்துது. நான் படிச்சிக்கூடப் பாக்கல. நேத்து மாத்துன ஒரு வரிதான் என்னுது."

அவள் திட்டவில்லை. "இப்ப எம்பேரு எங்க இருக்குது?" என்று மட்டும் கேட்டாள்.

போனை நீட்டினான். சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். ஜெயா என்ற பெயர்தான் முதலில் இருந்தது. ராஜ்மோகனின் மெஷினும் வந்து, வயலில் இறங்க முடியாமல் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தது.