கத்தி படாத குடும்பம்

“படுத்தா வலிக்குதாம், மிஷின் முன்னால குனிஞ்சு உக்காந்தா கொஞ்சம் தேவலையாம்! இப்படி ஒரு நோவ எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?”

மாமியார் கேட்டது பக்கத்து வீட்டுக்காரியிடம்தான். ஆனால் மருமகள் காதில் விழவேண்டும் என்று குரலை உயர்த்திக் கேட்டாள். எட்டு மாத வயிற்றோடு தையல் மிஷினில் குனிந்திருந்த மருமகளுக்கு நன்றாகவே விழுந்தது. மேல்வயிற்றில் பிடித்த வலி முதுகுவரை ஊடுருவிப் போனது. நேற்றிலிருந்து குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை.

“அப்ப வேலைதான் மருந்து. தைக்கட்டும்,” என்று மாமியாரே வைத்தியமும் சொல்லி முடித்தாள்.

புருஷன் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவன். தெருவில் அவனுக்கு ‘அரை டாக்டர்’ என்று பெயர். அம்மா எதிரில் அந்த அரையும் காலாகிவிடும். “கேஸ்தான்,” என்று ஒரு மாத்திரை கொடுத்தான். அதுவும் வாந்தியில் வந்தது. அவளுடைய கண்கள் மஞ்சளாகிவிட்டதை இருவருமே பார்த்தார்கள். “புள்ளத்தாச்சிக்குக் களை கட்டிடுச்சு, கண்ணுலகூடத் தெரியுது பாரு!” என்று மாமியார் பூரித்துப்போனாள்.

மருமகளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டே வாசலுக்குப் போய் ஒரு வண்டியை நிறுத்தினாள். அரை டாக்டர் மாத்திரை அட்டையோடு ஓடிவந்து தொற்றிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் முழு டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“கர்ப்பத்துல சிலருக்குக் கல்லீரல்ல கொழுப்பு சேர்ந்து, அது வேலை செய்யாம போயிடும். அபூர்வமா வர்றது, இவங்களுக்கு வந்திருக்கு. அதோட சேர்ந்து கணையமும் வீங்கிடுச்சு. முதுகுவரைக்கும் வலிக்கிறது அதனாலதான். குழந்தைய இப்பவே ஆபரேஷன் பண்ணி எடுக்கணும். தள்ளிப்போட்டா ரெண்டு உயிருக்கும் ஆபத்து.”

அரை டாக்டர் குறுக்கிட்டான். “எங்க குடும்பத்துல எல்லாருக்கும் சுகப்பிரசவம்தான் டாக்டர். கத்தி பட்டதே இல்ல. அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்.”

போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அம்மா அக்காவைக் கேட்கச் சொன்னாள். அக்கா சித்தப்பாவைக் கேட்கச் சொன்னாள். சித்தப்பா குடும்பப் பெருமையைத் தன் பாட்டியின் பிரசவத்திலிருந்து ஆரம்பித்தார். பெருமைக்கு வலிக்காது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.

உள்ளே மருமகள் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவரு கேட்டுட்டு வரட்டும். வயிறு என்னோடது. நான் பொழைக்கணும், என் குழந்தையும் பொழைக்கணும். நீங்க எடுங்க டாக்டர்.”

எடுத்தார்கள். குழந்தை அழுதது, தாய் கண் விழித்தாள். கல்லீரல் இனித் தேறிவிடும், கணையம் அடங்கத்தான் நாளாகும் என்றார் டாக்டர்.

அப்போதுதான் அரை டாக்டர் மூச்சிரைக்க ஓடிவந்தான். “சிஸ்டர், அம்மா ஒத்துக்கிட்டாங்க! ஆபரேஷன் பண்ணலாமாம்!”

கையில் குழந்தையோடு நின்ற நர்ஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எந்த அம்மா? இந்தப் பாப்பாவோட அம்மா அப்பவே ஒத்துக்கிட்டாங்களே!”