ஜிகினா சுற்றிய வயர்

கிழக்கேகோட்டை அக்ரஹாரத் தெருமுனையில் பெட்டி ஆட்டோ நின்றது.

"அண்ணாச்சி, சாமானை வாங்குவியளா மாட்டியளா? வெறும் வண்டியா திரும்பினா எனக்கு நஷ்டமாக்கும்" என்றான் ஓட்டுநர் மைதீன்.

"வாங்க வரல்ல" என்றான் தாசையன். "ஒரு மனுஷனை அவரு வீட்டாளு முன்னால தலை குனிய வைக்கணும். வாசல்ல வண்டி நின்னாத்தான் வாங்க வந்தவன்னு நம்பி உள்ள விடுவாரு."

பேப்பரில் வந்தது மூன்றே வரி விளம்பரம். வீடு மாறுவதால் பழைய இங்கிலாந்து ஸ்பீக்கர் ஜோடி விற்பனைக்கு. கீழே இருந்த விலாசத்தைத் தாசையன் பத்தொன்பது வருஷமாக மறக்கவில்லை.

1983-இல் அவன் சாலை பஜாரில் ஒரு ரேடியோ கடை மெக்கானிக். நவராத்திரி முடிந்த மூன்றாம் நாள், இந்த வீட்டு ரெக்கார்டு பிளேயருக்கு ஊசி மாற்றிவிட்டுப் போனான். சாயங்காலமே வீட்டுக்காரர் அனந்தபத்மநாபன் கடை வாசலில் நின்றார். மிருதங்கத்தின் கனத்த அடிச் சத்தத்தைக் காணோம், ஸ்பீக்கருக்குள் இருந்த ஒரிஜினலை உருவிவிட்டு மட்ட சாமானை வைத்துவிட்டான் என்றார்.

"பெட்டியைத் திறந்து பாருங்க சாமி" என்று தாசையன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான்.

"கள்ளன் கை இன்னொரு தடவை அதுல படாது" என்றார் அவர்.

அன்றே வேலை போயிற்று. அடுத்த ஞாயிறு சபையில் அவனுக்கும் ராகேலுக்கும் கல்யாண அறிவிப்பு ஓலையை இரண்டாம் முறை வாசித்திருக்க வேண்டும். ராகேலின் அப்பா வாசிக்க விடவில்லை; கல்யாணம் நின்றது. தாசையன் போனக்காடு தேயிலைத் தோட்டத்துக்கு மலை ஏறினான். எஸ்டேட் லயங்களில் டிரான்சிஸ்டர் பழுது பார்த்தே வயசைத் தொலைத்தான்.

இப்போது கதவைத் திறந்தது அனந்தபத்மநாபனின் மகள் சுப்புலக்ஷ்மி. கூடம் முழுக்கக் கட்டிப்போட்ட அட்டைப் பெட்டிகள். நடுவில் பிரம்பு நாற்காலியில் அனந்தபத்மநாபன். வயது எண்பதைத் தொட்டிருந்தது. கண்ணாடி வழியே தாசையனை ஏற இறங்கப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை.

"பாட்டு கேப்பேளா?"

"கேப்பேன், சார்." பழைய 'சாமி' இப்போது வாயில் வர மறுத்தது.

"விலை பாதிதான். ஏன்னு கேளுங்கோ. பண்டு ஒரு கள்ளன் வந்தான், ரேடியோ மெக்கானிக். உள்ளே இருந்த ஒரிஜினலை உருவிண்டு போயிட்டான். வேற எவனாவதுன்னா மறைச்சு வித்திருப்பான். நான் உள்ளதைச் சொல்றவனாக்கும்."

"அவன் பேரு ஓர்மை உண்டா, சார்?"

"கள்ளனுக்கு என்ன பேரு?"

"அப்பா இந்தக் கதையைச் சொல்லாம யாரையும் விடமாட்டா" என்றாள் மகள் சலிப்போடு.

தாசையன் சிரித்துவைத்தான். "ஒரு தட்டு போடுங்க. கேட்டுட்டு முடிவு சொல்லுதேன்."

மிருதங்கத் தனி ஆவர்த்தனம். ஊசி இறங்கியது. தகர டப்பாவில் விரலால் தட்டுவதுபோல் ஒரு சத்தம். இடது கை இல்லாத ஒருவர் வாசிப்பதுபோல் இருந்தது. இந்த நோய் அவனுக்குத் தெரியும். முதல் வருஷத்துப் பையனுக்குக்கூடத் தெரியும்.

இடது பெட்டியின் பின்னால் குனிந்தான். சிவப்பு முனையில் கறுப்பு வயர். கறுப்பு முனையில் சிவப்பு. இரண்டையும் சேர்த்து இறுக்கிச் சுற்றியிருந்தது, மங்கிப்போன தங்க ஜிகினாத் தாள்.

அதை உரித்து சுப்புலக்ஷ்மியிடம் நீட்டினான். "இது என்னன்னு தெரியுதா, அம்மா?"

அவள் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "இது நான் கொலுவில கோபுரத்துக்கு ஒட்டினது. அந்த ஒரு வருஷம்தான் தங்க ஜிகினா வாங்கினோம். படி கட்ட ஸ்தலம் வேணும்னு அப்பா ஸ்பீக்கரை நகர்த்தினா. கொலு எடுத்தப்புறம் அப்பாவே வயரை மாட்டினா. கட்டறதுக்கு ஒண்ணும் கிடைக்காம எங்கிட்டத்தான் இந்தத் தாளை வாங்கிச் சுத்தினா..."

"ஊசி மாத்த ஆளு வந்தது அதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னால. அதுவரைக்கும் பாட்டே போடலை" என்றாள் மெதுவாக.

தாசையன் இரண்டு வயர்களையும் மாற்றி முறுக்கினான். அடுத்த அடி தரையில் இறங்கியது. தொம்மென்று எழுந்த நாதம் அட்டைப் பெட்டிகளை அதிரவைத்தது, கிழவரின் பிரம்பு நாற்காலிக்குள் புகுந்தது.

"ரெண்டு பெட்டியும் ஒண்ணா மூச்சு விடணும், சார். ஒண்ணு தள்ளும்போ மற்றது இழுத்தா அடிச் சத்தம் செத்துப்போவும். களவு போனது ஒண்ணுமில்ல. பத்தொன்பது வருஷமா உங்க பெட்டிக்குள்ளயே இருக்கு. அந்தக் கள்ளனுக்கும் ஒரு பேரு உண்டு. தாசையன்."

அவர் தலை குனியும் என்று தாசையன் காத்திருந்தான். இதற்காகத்தான் வந்தது.

அவரோ அவனைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கன்னத்தில் நீர் வழிந்தது. "சுப்பு, இதை விக்கப்போறதில்லை. ஃப்ளாட்டுக்கு எடுத்துண்டு போலாம். என்னமா ஒரு நாதம்... நீ போலாம்ப்பா. கூலி ஏதாவது வாங்கிக்கோ."

கூலி. தாசையனுக்குத் தலைக்கு ஏறியது. இப்போது வெறுங்கையோடு படி இறங்கினால், தன்னைக் கள்ளனாக்கியவருக்கு மிச்ச ஆயுசுக்கும் பாட்டைப் பரிசாகக் கொடுத்தவனாவான்.

சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தான். "பாதி விலைன்னு சொன்னீங்க. எடுத்துக்கிடுதேன்."

"அது... அந்தக் கள்ளனை வச்சுச் சொன்ன விலை."

"நான்தானே சார் அவன்?"

கிழவர் மகளைப் பார்த்தார். அவள் கையில் ஜிகினா இருந்தது. அதை அப்பாவின் மடியில் வைத்துவிட்டு, தாசையன் நீட்டிய பணத்தை எண்ணாமல் வாங்கிக்கொண்டாள். "எடுத்துண்டு போங்கோ, அண்ணா. வாக்கு சொன்னா சொன்னதுதான்."

"இந்த ஒரு பக்கம் மட்டும் முடியட்டுமே, தாசையா" என்றார் கிழவர். முதல் தடவையாகப் பேர் வாயில் வந்தது.

தாசையன் வயரைப் பிடுங்கினான். தட்டு சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

தெருவில் இரண்டு பெட்டிகளையும் ஏற்றிக் கயிறு கட்டும்போது மைதீன் கேட்டான்: "வாங்க வரல்லன்னு சொன்னியளே?"

"அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு மைதீனே" என்றான் தாசையன். "அதான் வாங்கிட்டேன்."