பன்னிரண்டாவது ஊக்கு

மூக்குக்கண்ணாடிக் கடையின் மூன்றாம் மாடிப் பட்டறையில் அவளுக்கு ‘ரெண்டுதரம்’ என்று பெயர். தேய்த்து முடித்த வில்லைகள் அவள் மேசைக்கு வரும். ஒவ்வொன்றையும் கருவியில் வைத்து பவர் சரியா என்று பார்த்துச் சீட்டில் குறிப்பாள். குறித்த கையோடு அந்தக் குறிப்பின்மேல் நம்பிக்கை போய்விடும். மறுபடி வைத்துப் பார்ப்பாள். வீட்டிலும் அதே கதைதான். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போவாள். திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பாள். அந்தப் பூட்டு பாவம், தோள் கழன்று போயிருக்கும் என்பான் அண்ணன்.

இப்படிப்பட்டவள் தானாக ஒரு பொருளைச் செய்து முடித்ததாகச் சரித்திரம் இல்லை. ஓவிய வகுப்பில் சேர்ந்தாள். அழித்து அழித்துத் தாள் ஓட்டையானதுதான் மிச்சம். அண்ணிக்குக் குழந்தை பிறக்கப் போகிறது என்று தெரிந்ததும், கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷே வகுப்பில் சேர்ந்தாள். ஒரு சின்ன யானை, அதைச் சுற்றிப் போர்த்த ஒரு சின்னப் போர்வை. இது ஒன்றையாவது உருப்படியாக முடித்துவிட வேண்டும் என்று வைராக்கியம்.

புதன்கிழமை மாலைகளில், ஒரு பள்ளிக்கூடத்தின் ஒன்றாம் வகுப்பு அறையில் பாடம் நடக்கும். பெரியவர்கள் எல்லோரும் சின்னப் பெஞ்சுகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து பின்னுவார்கள். டீச்சர் பகலில் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருப்பவர். யார் பின்னலில் ஒரு கண்ணியை விட்டுவிட்டு விழித்தாலும், “பயப்படாதீங்க, வலிக்காது” என்று சொல்லிக்கொண்டே கொக்கி ஊசியை வாங்கிக்கொள்வார்.

யானையின் உடம்பையும் தலையையும் ஒரே பையாக, சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போக வேண்டும். ஒரு சுற்று எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் சுற்றின் முதல் கண்ணியில் ஓர் அடையாளம் மாட்டிக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு ஒரு துண்டு வண்ண நூல் போதும். அவளுக்குப் போதவில்லை. நூல் நழுவிவிட்டால்? தையல் சாமான் கடையில் மிகச் சின்ன ஊக்குகளாகப் பன்னிரண்டு வாங்கி வந்தாள். மூன்று சுற்றுக்கு ஒன்று என்று குத்தி, எண்ணியதையே எண்ணிக்கொண்டு போனாள். பக்கத்துப் பெஞ்சில் முயல் பின்னிக்கொண்டிருந்த பஸ் டிரைவர், “யானைக்கு எதுக்கும்மா இத்தனை நகை?” என்று கேட்டார்.

கழுத்தைத் தாண்டித் தலை பாதி ஏறிய அன்று டீச்சர் பையை வாங்கிப் பார்த்துவிட்டு, யானை சட்டையை உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். புதிதாகப் பின்னுகிற எல்லோரும் செய்கிற தவறுதானாம். காலுறையைப் புரட்டுவதுபோலப் புரட்டிவிட்டால் போதும் என்றார். அவளும் புரட்டினாள். வெளியே மின்னிக்கொண்டிருந்த ஊக்குகள் அத்தனையும் யானையின் வயிற்றுக்குள் போய்விட்டன.

திறந்திருந்த தலை வழியாக இரண்டு விரலை மட்டும்தான் நுழைக்க முடிந்தது. தடவித் தடவி ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்தாள். அதற்குள் வகுப்பு முடிந்து, பள்ளிக்கூடத்தைப் பூட்டுபவர் வாசலில் சாவிக்கொத்தைக் குலுக்க ஆரம்பித்துவிட்டார். எடுத்த ஊக்குகளை டப்பாவில் போட்டு, வீட்டில் போய் எண்ணிக்கொள்ளலாம் என்று மூடினாள். அந்த நிமிடம் பார்த்து அண்ணனிடமிருந்து போன் வந்தது. பெண் குழந்தை. பஸ் டிரைவர் கை தட்டினார். வகுப்பே கை தட்டியது. அவள் பிறந்ததிலிருந்து எதையாவது எண்ணாமல் விட்டாள் என்றால் அது அந்த ஒரு மாலைதான்.

பிறகு வேலை தானாக ஓடியது. பென்சில் முனையால் பஞ்சைத் திணித்து, தலையை மூடி, காதும் தும்பிக்கையும் தைத்தாள். போர்வையை மட்டும் ஆறு தடவை அவிழ்த்தாள். ஏழாவது போர்வை, ஒரு கைக்குட்டையில் பாதி அளவு, இளமஞ்சள் நிறம். அதில் யானையைச் சுற்றி, முகமும் ஒரு காதும் மட்டும் தெரிய மடித்ததும் அவளுக்கே சிரிப்பு வந்தது. இப்போதுதான் குளிப்பாட்டித் துவட்டிப் படுக்க வைத்தது போலிருந்தது யானை. ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தாள். கடையில் வாங்கியதா என்று அண்ணி கேட்டாள். அந்த ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு அவள் தரையில் கால் படாமல் வீடு திரும்பினாள்.

புதன்கிழமை வகுப்பில், அடுத்ததாக ஓர் ஆமை பின்னலாம் என்று ஊக்கு டப்பாவைத் திறந்து கொட்டினாள். பதினொன்று.

மறுபடி எண்ணினாள். பதினொன்றுதான். பஸ் டிரைவர் தன் பெரிய உடம்பைச் சின்னப் பெஞ்சுக்கு அடியில் நுழைத்துத் தேடிப் பார்த்துவிட்டு, ஒரு சாக்பீஸ் துண்டோடு வெளியே வந்தார். எங்காவது விழுந்திருக்கும், ஒரு ஊக்குக்கு இவ்வளவா என்றார் டீச்சர். அண்ணனுக்குப் போன் செய்தாள். அவன் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. அடுப்பை அணைத்தோமா என்று பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து பார்த்தவளாயிற்றே நீ, இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள் என்றான்.

எல்லோரும் சொல்வது சரியாகத்தான் இருக்கும். எத்தனை தடவை பதறியிருக்கிறாள்; அத்தனை தடவையும் அடுப்பு அணைந்துதான் இருந்தது. ஆனாலும் அடுப்பு வேறு, இது வேறு. அந்த யானை இருபது நாள் குழந்தையின் கன்னத்தை ஒட்டிக் கிடக்கிறது.

வியாழக்கிழமை மாலை உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணி போனை நீட்டினாள். தொட்டிலில் குழந்தை, பக்கத்தில் யானை; இரண்டும் கழுத்து வரை போர்த்திக்கொண்டு ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்திருந்தன. படத்தைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பியாகிவிட்டதாம். அண்ணியின் அக்கா தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறாளாம். சொல்ல வந்தவளுக்கு வாயில் வந்த வார்த்தை அப்படியே உள்ளே போய்விட்டது.

“காது கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருக்கு அண்ணி. தைச்சு நாளைக்கே குடுத்துடுறேன்.”

அண்ணி யானையின் காதைப் பிடித்து ஓர் இழு இழுத்துப் பார்த்தாள். “இதைக் கட்டி வண்டியே இழுக்கலாம் போல இருக்கு. உனக்கு எதுலதான் திருப்தி?” என்றாள். ஆனாலும் கொடுத்தாள்.

வீட்டில் உட்கார்ந்து யானையை அமுக்கிப் பார்த்தாள். இருப்பது போலவும் இருந்தது. இல்லாதது போலவும் இருந்தது. பஞ்சு அவ்வளவு இறுக்கம். ஒன்றுமே இல்லாமல் வெட்டிப் பார்த்தால், வாழ்க்கையில் முடித்த ஒரே பொருளையும் சந்தேகத்துக்குப் பலி கொடுத்ததாக ஆகும்.

வெள்ளிக்கிழமை காலை கடை வளாகத்தின் வாசலில்தான் அவளுக்கு வழி தெரிந்தது. அங்கே காவலுக்கு நிற்கிறவர் உலோகம் கண்டுபிடிக்கும் கைக்கருவியை எல்லோருடைய பைமேலும் ஒரு தடவு தடவுவார். அது எல்லோருக்கும் கத்தும். சாவிக்குக் கத்தும், சாப்பாட்டு டப்பாவுக்குக் கத்தும். அவர் யாரையும் நிறுத்தியதில்லை. இன்றைக்கு அவளே நின்றாள்.

“அண்ணே, இதை மட்டும் தனியா ஒரு தடவை பாருங்களேன்.”

பையிலிருந்து அவள் எடுத்து மேசைமேல் வைத்ததைப் பார்த்து அவர் ஒரு நிமிடம் அசந்துவிட்டார். “குழந்தையா?”

“யானை.”

“போர்வையை எடுக்கணுமா?”

“எடுங்க.”

பின்னால் வரிசை சேர ஆரம்பித்தது. அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மருத்துவர் நெஞ்சில் குழாயை வைப்பதுபோலக் கருவியை மெதுவாக வைத்தார். தும்பிக்கையில் சத்தமில்லை. நெற்றியில் இல்லை. முதுகில் இல்லை. யானை உட்காரும் இடத்துக்கு வந்ததும் கருவி கத்தியது. தள்ளினால் நின்றது; வைத்தால் கத்தியது.

“உள்ள என்னமோ இருக்கு தங்கச்சி,” என்றார் அவர். அவர் குரலில் கேலி இல்லை.

அவளுக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த கணமே அது போய்விட்டது. இல்லாததற்கெல்லாம் பதறியவள், இருக்கிற ஊக்கை நான்கு நாள் ஒரு பச்சைக் குழந்தையின் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறாள். எண்ணுவதற்காக அவளே வாங்கிய ஊக்கு. பத்துப் பேர் வகுப்பில் வேறு யாருக்கும் தேவைப்படாத ஊக்கு.

மதியம் பட்டறையில் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு யானையை மேசையில் படுக்க வைத்தாள். கூர்மையான சின்னக் கத்தரி இருந்தது, இடுக்கி இருந்தது, உருப்பெருக்கி விளக்குகூட இருந்தது. பிரித்து, எடுத்து, மூடிவிட்டால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. காது தைத்தாயிற்று என்று கொடுத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. அண்ணனின் சிரிப்பும் இல்லை, அண்ணியின் முகமும் மாறாது. கத்தரியின் முனையை அடிப்பக்கக் கண்ணி ஒன்றில் நுழைத்தும் விட்டாள்.

நுழைத்த கை அங்கேயே நின்றது. குழந்தை அண்ணியினுடையது. அதன் பக்கத்தில் என்ன கிடந்தது என்று அண்ணிக்குத் தெரியாமல் இருக்கலாமா? இந்த யானை திரும்பவும் தொட்டிலுக்குப் போவதா வேண்டாமா என்று அண்ணி அல்லவா சொல்ல வேண்டும்? கத்தரியை உருவி யானையைப் போர்வையில் சுற்றினாள். சாயங்காலம் வரை பதினேழு ஜோடி வில்லைகளைப் பார்த்தாள். எல்லாமே சரியாக இருந்தன. மூன்றாவது தரமும் பார்த்தாள்.

அண்ணி குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் நாற்காலியில் சாய்ந்திருந்தான். அவள் உட்காரவில்லை.

“அண்ணி, காது தளரலை. நான் பொய் சொன்னேன். யானைக்குள்ள ஒரு ஊக்கு இருக்கு.”

மடித்துக்கொண்டிருந்த துணி அண்ணியின் கையில் நின்றுவிட்டது. “நாலு நாளா பாப்பா பக்கத்துலயா?”

“ஆமா அண்ணி.”

அண்ணி எழுந்து போய்த் தொட்டிலை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து, மடித்து வைத்திருந்த வெள்ளைத் துண்டு ஒன்றை உதறித் தரையில் விரித்தாள். “அறு,” என்றாள்.

அண்ணன் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு, மயக்க மருந்து கொடுத்தாயிற்றா என்று ஆரம்பித்தான். அண்ணி ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டான்.

அவள் பட்டறைக் கத்தரியையும் இடுக்கியையும் பையிலிருந்து எடுத்து, அடிப்பக்கத்தில் நான்கு கண்ணிகளை மட்டும் வெட்டினாள். பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக இடுக்கியால் எடுத்துத் துண்டின்மேல் வைக்க, அண்ணி ஒவ்வொரு துணுக்கையும் விரலால் பிரித்துப் பார்த்தாள். யானை இளைத்துக்கொண்டே வந்தது. ஆறாவது துணுக்கிலோ ஏழாவதிலோ, அண்ணி பிரித்த பஞ்சுக்குள் அது இருந்தது. சின்ன ஊக்கு. பூட்டிக்கூட இல்லை, முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். அண்ணன் எழுந்து, கேட்காமலேயே டீ போடப் போனான்.

“இது பெரிய தப்பு,” என்றாள் அண்ணி.

“பெரிய தப்புதான் அண்ணி.”

“நேத்தே சொல்லியிருக்கணும்.”

“சொல்லத்தான் வந்தேன். போட்டோவைக் காட்டினீங்க. வாய் வரலை.”

அண்ணி மிச்சமிருந்த பஞ்சையும் எடுக்கச் சொன்னாள். தலையின் உச்சி வரை காலி செய்து, யானையை வெறும் தோலாக உள்ளங்கையில் விரித்துத் தடவினார்கள். பிறகு அதே பஞ்சை இருவருமாகப் பிய்த்துப் பிய்த்து மறுபடி நிரப்பினார்கள். சாம்பல் நூல் கைவசம் இல்லை. போர்வையில் மிஞ்சிய இளமஞ்சள் நூலைத்தான் பையில் வைத்திருந்தாள். மஞ்சள் தையல் நன்றாகத் தெரியுமே என்று தயங்கினாள். “தெரியட்டும். போர்வைதான் இருக்கே,” என்றாள் அண்ணி. அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

டீயை வைத்துவிட்டு அண்ணன் தலையைச் சொறிந்தான். போனில் சிரித்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். “உனக்குச் சர்க்கரை சரியா இருக்கான்னு பாரு,” என்று மட்டும் சொன்னான். சர்க்கரையே போட்டிருக்கவில்லை. அவள் அப்படியே குடித்தாள்.

கடைசி முடிச்சைப் போட்டு நூலை உள்ளே இழுத்துவிட்டபோது அண்ணி கேட்டாள்: “நாளைக்கு லீவா?”

“மத்தியானத்துக்கு மேல லீவு.”

“பாப்பாவுக்கு நகம் வளர்ந்துடுச்சு. மூஞ்சியெல்லாம் கீறிக்குது. கத்தரியைக் கையில எடுத்தாலே எனக்கு நடுங்குது. நீ வந்து வெட்டி விடு.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “நானா? இவ்வளவு நடந்ததுக்கு அப்புறமா?”

“வேற யாரு? உங்க அண்ணனா? அவரு தன் நகத்தையே பல்லால கடிக்கிறவரு.”

யானை தொட்டிலுக்குள் திரும்பிப் போனது. அண்ணியே போர்வையைச் சுற்றி, கழுத்துப் பக்கம் செருகினாள். குழந்தை தூக்கத்திலேயே ஒரு கையை நீட்டி விரல்களை விரித்தது. அவள் குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு நகமும் ஒரு கண்ணியைவிடச் சின்னதாக இருந்தது.

“முனை மழுங்கின கத்தரிதானே? வெந்நீர்ல போட்டு எடுக்கணுமா? தூங்கும்போது வெட்டணுமா, முழிச்சிருக்கும்போதா?” என்று கிசுகிசுத்தாள்.

“முழிச்சிருந்தா கைய குடுக்க மாட்டா. தூங்கினதும் போன் பண்றேன்,” என்றாள் அண்ணி. “நீ முன்னாடியே வந்து வாசல்ல நில்லு. மணி மட்டும் அடிச்சுடாதே.”