பாதி நிறைந்த வட்டம்

அம்பிகாவின் கட்டைவிரல் திரையை அழுத்திக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி ஒரு பச்சை வட்டம் மெல்ல நிறைந்து வந்தது. பாதி தாண்டியதும் அவர் விரலை எடுத்துவிட்டார். வட்டம் காலியாகிவிட்டது.

"இல்ல பாப்பா. நா விக்கல."

எதிரே உட்கார்ந்திருந்த கீர்த்தனா நேரத்தைக் குறித்துக்கொண்டாள். பதில் சொல்லக் கூடாது. சோதனைக்கு வருகிறவருக்கு உதவக் கூடாது, தலையாட்டக் கூடாது, முகத்தில்கூட எதையும் காட்டக் கூடாது.

பெங்களூர்க் கம்பெனி ஒன்று நடத்தும் கிரிப்டோ நாணய வர்த்தகச் செயலிக்கு, திண்டுக்கல் ஆர்.எம். காலனியில் ஒரு மாடியில் இருந்தபடி திரைகளை வடிவமைக்கிறவள் அவள். பழைய விற்பனைத் திரையில் ஆட்கள் பதற்றத்தில் தட்டி விற்றுவிட்டுப் புலம்புகிறார்கள் என்று புகார் குவிந்ததில், புதிதாக வரையச் சொல்லியிருந்தார்கள். கீர்த்தனா ஒன்று வரைந்தாள். கல்லூரியில் அவளோடு படித்த, அவள் சிபாரிசில் எட்டு மாதத்துக்கு முன் இந்த வேலைக்கு வந்த பாஸிலா இன்னொன்று வரைந்தாள். யாருடையது தேறுகிறதோ அவள்தான் அடுத்த மாதத்திலிருந்து டிசைன் லீட், வடிவமைப்புக் குழுவுக்குத் தலைவி. ஆளுக்கு ஐந்து பேரை வைத்துச் சோதனை. வரைந்தவளே சோதித்தால் தன்னையறியாமல் கை காட்டிவிடுவாள் என்பதால், ஒருத்தியின் திரையை மற்றவள்தான் சோதிக்க வேண்டும்.

அந்த வட்டம் பாஸிலாவுடையது. நான்கு விநாடி அழுத்தியே இருந்தால்தான் விற்கும். மேலே ஒரே வரி: "இப்போது விற்றால் கைக்கு இவ்வளவு வரும்." அதைக் கல்யாணப் பத்திரிகை ஒன்றின் முதுகில், மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அவள் கிறுக்கியதைக் கீர்த்தனா பக்கத்திலிருந்து பார்த்தாள். "நாலு செகண்டா? எவன்டி காத்துக்கிட்டு இருப்பான்?" என்று சிரிக்கவும் செய்தாள். கீர்த்தனாவின் திரையோ பத்தொன்பது தடவை அடித்துத் திருத்தி வந்தது. அழகாக இருந்தது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேலாளர் பாஸிலாவின் பெயரைத் திருத்தமாக உச்சரித்தார். நான்கு வருடமாக அங்கிருக்கும் கீர்த்தனாவை அவர் இன்னமும் கீர்த்தி என்றுதான் கூப்பிடுகிறார். அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த பாஸிலா, "இந்தா, உனக்குன்னு அம்மா குடுத்து விட்டாங்க" என்று கறியை அள்ளி வைத்தபோது, கீர்த்தனா அதைச் சோற்றின் ஓரத்துக்கு ஒதுக்கினாள்.

"ஏன்க்கா விக்கல?" என்று இப்போது கீர்த்தனா கேட்டாள். அவ்வளவு கேட்கலாம்.

சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைகளை வாட்ஸ்அப்பில் விற்கிறவர் அம்பிகா. போனை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"போன வருசம் நெசத்துலயும் நா வாங்குன காயினு வெல இப்படித்தான் சடசடன்னு எறங்குச்சு. அடுப்புல பாலு, கையில போனு. பதறிப்போயி ஒரே தட்டு. அம்புட்டையும் வித்துப்புட்டேன். மறுவாரமே ஏறிருச்சு. எங்க வீட்டுக்காரரு இன்னைக்கும் பாலு பொங்குனா என்னையத்தான் பாக்குறாரு." சிரித்தார். "இது செத்த நேரம் விரல வைக்கச் சொல்லுதுல்ல, அந்நேரத்துல புத்தி வந்துருது. அன்னைக்கு இது இருந்திருந்தா வித்திருப்பேனா?"

நன்றி சொல்லி அவரை அனுப்பிவிட்டுக் கீர்த்தனா படிவத்தைத் திறந்தாள். கொடுத்த வேலை: விலை சரிகிறது, கையில் இருப்பதில் பாதியை விற்கவும். முடித்தாரா? ஆம், இல்லை. கீழே குறிப்புக்கு ஒரு கட்டம். எழுதியே ஆக வேண்டும் என்றில்லை. பதிவான வீடியோவை பெங்களூரில் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. ஆம்களை எண்ணுவார்கள், குறிப்பு இருந்தால் படிப்பார்கள், அவ்வளவுதான். பாஸிலாவுக்கு இதுவரை நாலுக்கு நாலு.

'இல்லை'யைத் தேர்ந்தெடுத்தாள். பொய் ஒன்றுமில்லையே. அந்தம்மா விற்கவில்லை. குறிப்புக் கட்டத்தை வெறுமையாகவே விட்டு அனுப்பிவிட்டாள்.

பக்கத்து அறைக் கதவு திறந்தது. பேகம்பூர்த் தோல் வியாபாரி ஜெகபர் அலியை வழியனுப்பிவிட்டுப் பாஸிலா உள்ளே வந்தாள்.

"அடியே, மூணே செகண்டு! வித்துட்டு, 'அம்புட்டுத்தானாம்மா'ங்குறாரு. அஞ்சுக்கு அஞ்சுடி உனக்கு. உன் ஸ்கிரீன் அழகப் பத்தி அரைப் பக்கம் எழுதி வச்சிருக்கேன். ட்ரீட் வைக்காம தப்பிச்சிர முடியாது." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எனக்கு?"

"அந்தக்கா விக்கல."

பாஸிலாவின் முகத்தில் சிரிப்பு சற்று நேரம் அப்படியே நின்று, பிறகு அணைந்தது.

"ஏனாம்?"

"பாதியில விரல எடுத்துட்டாங்க."

"நாலு செகண்டு ஜாஸ்தின்னு நீ அப்பவே சொன்ன. நாந்தான் கேக்கல." துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள். "போகட்டும் விடு. லீடானதும் எனக்குச் சனிக்கிழமை லீவு குடுத்துரு, என்ன?"

அந்தக் குரலில் துளி பொறாமையாவது இருக்கிறதா என்று கீர்த்தனா தேடினாள். இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கலாம்.

மாடிப்படியில் காலடிச் சத்தம். அப்போதுதான் அம்பிகா உட்கார்ந்திருந்த நாற்காலிக்கடியில் ஒரு சிவப்பு ஹெல்மெட் கிடப்பதைக் கீர்த்தனா கண்டாள். பாஸிலா குனிவதற்குள் அதை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

அம்பிகா பாதிப் படியில் மூச்சு வாங்கி நின்றார்.

"நல்லவேள, எடுத்துட்டே வந்துட்டியா! ரவுண்டானாவுல போலீஸு நிக்கிறாரு." கையை நீட்டினார். "கேக்கணும்னு நெனச்சு மறந்தே போயிட்டேன் பாப்பா. அந்த வட்டத்த யாரு செஞ்சது? நீதானா?"

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "யாருடி?" என்றபடி பாஸிலா வந்துகொண்டிருந்தாள்.

அம்பிகா ஹெல்மெட்டின் வாரைப் பிடித்து மெல்ல இழுத்தார். கீர்த்தனாவின் கைகள் அதை விடவில்லை.