மரம் தங்கைக்கு, இரும்பு அண்ணனுக்கு

அன்புச்செல்வி தன் அண்ணன் பாலசுந்தரத்தோடு பேச்சை நிறுத்தி மூன்று வருடம் ஆகிவிட்டது. பேச்சுதான் நின்றதே தவிர நினைப்பு நிற்கவில்லை. காலையில் பல் விளக்கும்போது ஒரு தடவை, இரவு பாய் விரிக்கும்போது ஒரு தடவை அவனை மனதாரத் திட்டி முடித்தால்தான் அவளுக்கு அந்த நாள் கழிந்ததாகக் கணக்கு.

சண்டை நிலத்துக்காக என்றால் ஊர் புரிந்துகொள்ளும். இது ஒரு டிரம் செட்டுக்காக வந்த சண்டை. அவர்கள் அப்பா சுப்பையன் பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். பொழுது சாய்ந்தால் மெல்லிசைக் குழுவில் டிரம் அடிப்பார். ஏற்காட்டில் வெள்ளைக்காரர் காலத்துக் கிளப் ஒன்றை மூடியபோது வாங்கிவந்த பழைய சீமை டிரம் அது. மேலே சுற்றி ஒட்டிய அரக்குச் சிவப்புத் தாள் விளக்கு வெளிச்சத்தில் பொடிப்பொடியாக மினுங்கும். அடித்தால் சத்தம் உடனே போய்விடாது, கொஞ்சம் நின்றுவிட்டுப் போகும். அந்தச் சிவப்பையும் அந்தச் சத்தத்தையும் வேலூரில் தெரியாதவர் கிடையாது. அப்பா அதை வாசிக்கக் கற்றுக்கொடுத்தது மகளுக்கு. மகனுக்குத் தாளமும் வராது, பொறுமையும் வராது.

அப்பா இறந்ததும், பெண் பிள்ளைகள் எல்லாரும் செய்வது போல அவளும் நிலத்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுவாள் என்று பாலசுந்தரம் எதிர்பார்த்தான். போடுகிறேன், எனக்கு டிரம் மட்டும் போதும் என்றாள் அவள். அங்கேதான் அவனுக்குப் பற்றிக்கொண்டது. அப்பன் பெயர் சொல்லும் பொருள் மகனுக்குத்தான் என்று ஒற்றைக்காலில் நின்றான். பெரியப்பா நடுவில் உட்கார்ந்து, பாரவண்டியைப் பங்கு பிரித்த அனுபவத்தில் ஒரு தீர்ப்புச் சொன்னார்: மரம் தங்கைக்கு, இரும்பு அண்ணனுக்கு. இதற்கு நாலு பேர் தலையாட்டினார்கள். இந்தப் புத்தியை எந்தக் கடையில் வாங்கினார்களோ தெரியவில்லை.

இப்படியாகத் தோலை இழுத்துப் பிடிக்கும் இரும்பு வளையங்கள், திருகுகள், கால்கள் எல்லாம் அண்ணன் வீட்டில் தங்கிவிட்டன. அப்பா போட்ட தோல்கள் கழற்றும்போதே கிழிந்துபோயின. வெறும் மரக் கூடுகளோடு அன்புச்செல்வி பள்ளிபாளையத்துக்குத் திரும்பினாள். அவள் பகலில் துணி தைக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர், விசேஷ நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் டிரம்மர். புருஷன் தமிழரசு வடக்கே லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் போனில்தான் குடும்பம் நடத்துவான்.

இந்த வருடம் வேலூர் மாரியம்மன் திருவிழாக் கச்சேரி அவள் குழுவுக்கு வந்தது. தானாக வரவில்லை, அவள் விடாப்பிடியாக நின்று வரவழைத்தாள். மேடை போடுவது அண்ணன் வீட்டுக்கு நேர் எதிரே. அவன் விழாக் கமிட்டியில் வேறு இருந்தான். அப்பாவின் டிரம்மை அவன் வாசலில் வைத்து, அவன் காது கேட்க அடிக்க வேண்டும். மூன்று வருடத்துக் கோபத்துக்கு அதற்குக் குறைந்த மருந்து எதுவும் இல்லை என்று அவள் தீர்மானித்துவிட்டாள்.

கூடுகளை எடுத்துக்கொண்டு சேலம் அம்மாபேட்டையில் டிரம் பழுது பார்க்கும் நிஜாமுதீனிடம் போனாள். கடைக்கு வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்தால் கூலி குறைத்துக் கேட்பார்கள் என்று நினைக்கிற ஆள் அவர். கூட்டின் வாயை அளந்துவிட்டு, இந்தக் காலத்துத் தோல் இதில் உட்காராது, பழைய டிரம் நூலளவு பெருசு என்றார். பழைய அளவுக்கென்றே தோல் செய்து தருகிறவர்கள் வெளிநாட்டில் உண்டு, வரவழைக்கலாம். ஆனால் அதை அழுத்திப் பிடிக்கப் பழைய வளையம் இருந்தாக வேண்டும்.

"வளையம் இல்லாம தோல மட்டும் வாங்கி என்னம்மா பண்ணுவீங்க, மொறம்னு சொல்லிப் பொடைக்கவா?" என்றார்.

மரத்தையே கொஞ்சம் இழைத்துப் புதுத் தோலுக்குச் சரியாக்கினால் என்ன என்று கேட்டாள். அவர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். சத்தம் பிறக்கிற இடமே அந்த விளிம்புதான், அதில் கை வைக்கிற வேலைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையை எடுத்தார். இந்தப் பாயும் அண்ணன் கட்சிதான் போல என்று கறுவிக்கொண்டே அவள் பஸ் ஏறினாள்.

வேறு வழியில்லாமல் வேலூருக்குப் போனாள். பாலசுந்தரம் கட்டுத்தரையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். வா என்று சொல்லவில்லை. வளையங்கள் கண்ணெதிரிலேயே இருந்தன. இரண்டு, சுவர் ஆணியில் துருவோடு தொங்கின; ஒன்று தண்ணீர்ப் பானை உருளாமல் இருக்க அடியில் கிடந்தது. எரிச்சலை விழுங்கிக்கொண்டு, எல்லாம் சேர்ந்தால்தான் அது டிரம், வளையங்களைக் கொடு என்று கேட்டாள்.

"சேந்து இருக்கோணும்கற நெனப்பு உனக்கு இருந்திருந்தா, அப்பன் கருமாதி முடிஞ்ச கையோட பங்குக்கு வந்து நின்னிருக்க மாட்ட. மரம் கேட்ட, குடுத்தாச்சு. இரும்ப நானு ஆணியில மாட்டுவேன், அடுப்புல போடுவேன். உனக்கென்ன புள்ள?"

"உனக்கு அடிக்கத் தெரியுமாண்ணா? தெரியாதுல்ல."

"எனக்குக் கேக்கத் தெரியும். மரத்தக் கொண்டாந்து இங்க போட்டுட்டுப் போ. இரும்போட சேந்துக்கும்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். தண்ணீர் குடித்துவிட்டுப் போ என்று ஒரு வார்த்தை அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் குடித்திருக்க மாட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு முழுப் பொறுப்பும் அவளுடைய வீம்புதான். இழைக்க மரம் வெளியே தெரிய வேண்டும் என்று இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிச் சிவப்புத் தாளின் மேல் தேய்த்தாள். பசை இளகி, தாள் பட்டை பட்டையாக உரிந்து வந்தது. மரம் தேய்க்கும் மிஷினை வாடகைக்கு எடுத்து மொட்டை மாடியில் உட்கார்ந்து விளிம்பை இழைத்தாள். கடையில் வாங்கிய புதுத் தோல் இறங்கவில்லை. இன்னும் இழைத்தாள். போனில் தமிழரசு, அவசரப்படாதே, நான் வந்துவிடுகிறேன் என்றான். நீயும் என் அண்ணனும் ஒரே ஜாடை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். கடைசியில் புதுத் தோல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. பழைய ஓட்டைகளை மக்கு வைத்து அடைத்தாள். கடையில் வாங்கிய புது இரும்புகளுக்குப் புது ஓட்டை போட்டாள், கறுப்புப் பெயிண்ட் அடித்தாள். அறைக்குள் வைத்து அடித்துப் பார்த்தபோது ஜன்னலெல்லாம் அதிர்ந்தது. அப்பா வந்துவிட்டார் என்று அவள் நம்பினாள். நம்ப வேண்டும் என்று ஆசைப்பட்டால் எதையும் நம்பலாம்.

திருவிழா அன்று பொழுது சாயும் நேரம், மைக் சரிபார்க்க மேடை ஏறினாள். கீழே பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் கமிட்டிக்காரர்களோடு, கழுத்தில் துண்டோடு பாலசுந்தரம். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே மைக்கை வாங்கி, இன்றைக்கு வேலூர் சுப்பையனின் டிரம் பேசப்போகிறது என்று அறிவித்தாள். கூட்டத்தில் பெரியவர்கள் கை தட்டினார்கள். அவள் அடித்தாள்.

டப்பென்று விழுந்தது. அறையில் அதிர்ந்த சத்தம் வெட்டவெளியில் ஒன்றுமில்லாமல் போனது. இழைத்துத் தட்டையான விளிம்பில் தோல் ஒட்டாமல், காலி எண்ணெய் டின்னைத் தட்டியது போல இரைந்தது. அவள் தோலை இறுக்கினாள், தளர்த்தினாள், மறுபடி அடித்தாள். கை தட்டியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பாலசுந்தரம் எழுந்து மேடைக்கு வந்தான். டிரம்மைச் சுற்றி வந்து பார்த்தான். கறுப்புப் பெயிண்டைத் தடவினான். பிறகு எதிரே இருந்த தன் வீட்டுக்குப் போய், ஆணியில் தொங்கிய வளையம் ஒன்றை எடுத்துவந்தான். புது வளையத்தைக் கழற்றச் சொன்னான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் கழற்றினாள். அவன் பழையதை வைத்தான். இழைத்துச் சிறுத்த டிரம்முக்கு அது பெரிதாகி, தோலின் மேல் உட்காராமல் பக்கவாட்டில் நழுவித் தரையில் விழுந்தது.

"இது எங்கப்பன் டிரம் இல்லீங்க," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். "நெலம் வேண்டாம், இது போதும்னு வாங்கிட்டுப் போனா. அதையும் வித்துத் தின்னுட்டு எதையோ கொண்டாந்து அப்பன் பேரச் சொல்றா."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அவன் சொல்லும் பொய்களை அவள் கண்ணிலேயே பிடித்துவிடுவாள். இப்போது தேடினாள், இல்லை. அவன் கண் கலங்கியிருந்தது. அவன் நிஜமாகவே நம்பிவிட்டான். இதுதான் அது, நான்தான் இழைத்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் என்ன ஆகும் என்றும் அவளுக்குத் தெரிந்தது. விற்றவள் என்றால் அப்பாவின் டிரம் எங்கேயோ ஒரு வீட்டில் நன்றாக இருக்கிறது. இழைத்தவள் என்றால் அது இனி இந்த உலகத்தில் எங்கேயும் இல்லை, அதுவும் அவள் கையாலேயே.

"ஆமாண்ணா," என்றாள். "வித்துட்டேன்."

கூட்டத்தில் பெண்கள் சத்தமாகவே திட்டினார்கள். பாலசுந்தரம் திட்டவில்லை. விழுந்து கிடந்த வளையத்தை எடுத்து அதில் ஒட்டிய மண்ணைத் துண்டால் துடைத்தான்.

"யாருக்கு வித்த? பேர மட்டும் சொல்லு. இரும்பு பூராத்தையும் நானே கொண்டுபோயிக் குடுத்தர்றேன். அவங்க வெச்சு அடிக்கட்டும்."

அன்புச்செல்விக்குச் சொல்ல ஒரு பெயரும் இல்லை. அவன் வளையத்தைப் பிடித்தபடி பதிலுக்குக் காத்துக்கொண்டே நின்றான்.